சின்னா எங்க இருக்கு?

மாடிப்படி ஏறும்போதே மகா ரெண்டு தடவ நின்னுட்டா. கீழ பேக்கரியில பன்னு வேகற வாசனை. மேல ஒரு தகர போர்டு: 'கேத்தரின் துப்பறியும் நிலையம். கல்யாண விசாரணை ரகசியமாகச் செய்யப்படும்.' மகாவுக்கு விசாரிக்க மாப்பிள்ளை யாரும் இல்ல. செகண்ட் பியூசி, அதான் பன்னண்டாவது, படிக்கற பொண்ணு. அவளுக்குக் காணாமப் போனது அம்மா.

மேஜைக்குப் பின்னாடி கேத்தரின் மேடம் உக்காந்திருந்தாங்க. அம்பது வயசு, மூக்குக் கண்ணாடிக்குக் கறுப்புக் கயிறு. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சுல பாதி ஆயுசு ஹெட்ஃபோன் மாட்டிட்டு உக்காந்திருந்தவங்க. வேலைய விட்டப்ப ஹெட்ஃபோனத் திருப்பிக் குடுத்துட்டாங்க, காத மட்டும் கூடவே எடுத்துட்டு வந்துட்டாங்க. ஜன்னல் திட்டுல காக்கிச் சட்டையோட குந்தியிருந்தவன் சின்னப்பா. அவங்களுக்கு அசிஸ்டென்ட்டும் அவன்தான், ஆட்டோவும் அவன்துதான்.

"பேரு என்ன கண்ணு?"

"மகேஸ்வரி. மகான்னு கூப்பிடுவாங்க."

"கன்னடத்துல மகான்னா மகன் தெரியுமா?" சின்னப்பா ஆரம்பிச்சுட்டான். "தெருவுல 'ஏய் மகா'ன்னு யாராச்சும் கூப்ட்டா, நீ திரும்பறதுக்குள்ள பத்துப் பசங்க திரும்புவானுங்க."

"சின்னப்பா, வாய மூடு."

"மூடிட்டேன் மேடம். காத்தோட்டத்துக்குத் தொறந்து வெச்சிருந்தேன்."

மகா சிரிக்கல. துப்பட்டா முனையப் பிச்சுக்கிட்டே சொன்னா. "எங்கம்மா சின்னத்தாயி. எலெக்‌ஷன்ல நிக்குது. பக்கெட் சின்னம்."

தொம்மலூர்ல அந்தப் பேரத் தெரியாதவங்க யாரு? மெயின் ரோடு ஓரம் இட்லி வண்டி போடற பொம்பள. காவேரித் தண்ணி பெரிய பில்டிங்குக்கெல்லாம் போகுது, பின்னாடி இருக்கற நம்ம சந்துக்கு ஏன் வரலன்னு கேட்டு, காலிக் கொடத்தோட கார்ப்பரேஷன் ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்தது. இந்தத் தடவ வார்டு லேடீஸுக்குன்னு ஆனதும், தெருவே சேந்து "நீயே நில்லு சின்னாக்கா"ன்னு நிக்க வெச்சாங்க. எதுத்து நிக்கறது அனந்தலக்ஷ்மி. போஸ்டர்ல கைகூப்பி நிக்கறதோட அந்தம்மா வேல முடிஞ்சிடும். பேசறது, மிரட்டறது, பிரியாணி போடறது எல்லாம் புருஷன் கோவிந்தப்பா.

"வியாழக்கிழமை நோட்டீஸ் கட்ட எடுத்துட்டு வெளிய போச்சு மேடம். வரவே இல்ல. இன்னிக்கு சனி. நாளைக்கு ஓட்டு."

"போலீஸுக்குப் போனீங்களா?"

"அப்பா வேணாங்கறாரு. தலையில கைய வெச்சுட்டு உக்காந்தவரு உக்காந்தவருதான். அவரையும் மிரட்டியிருக்காங்க. நேத்து ஃபோன் வந்துச்சு. அப்பா குளிச்சிட்டிருந்தாரு, நான்தான் எடுத்தேன்."

"வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல..." மகா கொஞ்சம் இழுத்தா. "பக்கத்து வீட்டு ஷோபாக்கா கிட்ட மட்டும். அம்மாவக் கடத்திட்டாங்கன்னு. சத்தியம் வாங்கிட்டுதான் சொன்னேன்."

"அப்ப இந்நேரம் மாரத்தஹள்ளி தாண்டியிருக்கும்"னான் சின்னப்பா.

கேத்தரின் மேடம் கண்ணாடியக் கழட்டி வெச்சாங்க. கண்ண மூடிக்கிட்டாங்க. "ஃபோன்ல என்ன பேசினான்? ஒரு எழுத்து மாறாம சொல்லு."

"நான் ஹலோன்னு கூட சொல்லல, அவனே ஆரம்பிச்சுட்டான். கன்னடம். பின்னாடி ஒரே மிஷின் சத்தம். 'ஆதியண்ணா, சின்ன சேஃபாகி இதெ. ஹெப்பகோடி மனெல்லே இதெ. எலெக்‌ஷன் முகீலி, ஆமேலெ நிம் மனெகெ பருத்தெ.' வெச்சுட்டான். எங்கப்பா பேரு ஆதிகேசவன்." மகாவுக்குக் குரல் ஒடஞ்சிடுச்சு. "சின்னா சேஃபா இருக்கு, ஹெப்பகோடி வீட்டுலதான் இருக்கு, எலெக்‌ஷன் முடியட்டும், அப்புறம் உங்க வீட்டுக்கு வரும்னு சொல்றான். எங்கம்மாவ எல்லாரும் சின்னான்னுதான் மேடம் கூப்பிடுவாங்க. முடிஞ்சப்புறமும் விடலன்னா என்ன மேடம் பண்றது? அடிச்சிருந்தா?"

"என்னக் கூட எங்கம்மா சின்னான்னுதான் கூப்பிடும்"னான் சின்னப்பா, அவள சிரிக்க வெக்கலாம்னு. "என்ன எவனும் கடத்த மாட்டேங்கறான். கடத்தினா மூணு வேளை சோறாச்சும் மிஞ்சும்."

மேடம் அதக் காதுல வாங்கல. "'இதெ'. 'பருத்தெ'. இதேதானா? வேற மாதிரி சொல்லலயே?"

"இதேதான். ராத்திரி பூரா காதுக்குள்ள அதேதான் ஓடிட்டிருந்துச்சு."

மேடம் கண்ணத் தொறந்து சின்னப்பாவப் பாத்தாங்க. அவன் மூஞ்சியில சிரிப்பு காணோம். மகாவுக்கு ஒண்ணும் புரியல.

"உங்கம்மா எலெக்‌ஷனுக்காக இட்லி வண்டிய நிறுத்திடுச்சா?"

"இல்ல மேடம். வண்டி போட்டுட்டுதான் ஓட்டு கேக்கப் போகும். வண்டிய முடிச்சு வந்ததும் மறுநாளைக்கு அரிசி ஊறப் போட்டுட்டுதான் சேல மாத்திட்டுக் கெளம்பும்."

"வியாழக்கிழமை ஊறப் போட்டுச்சா?"

மகா முழிச்சா. அம்மாவக் காணோம்னு வந்தா, இவங்க மாவுக் கணக்கு கேக்கறாங்க. "இல்ல. அண்டாவக் கழுவிக் கவுத்து வெச்சிருந்துச்சு. நேத்து நானும் அப்பாவும் பன்னுதான் தின்னோம்."

"உங்கப்பாவுக்கு வேல எங்க?"

"பொம்மசந்திரா. ஃபவுண்டரியில."

"பக்கத்துலதான் ஹெப்பகோடி. அங்க யாரத் தெரியும்?"

"யாரையும்... ரவின்னு ஒருத்தரு. அப்பாகூட வேல செய்யறாரு. நைட் ஷிஃப்ட்ல பஸ்ஸ விட்டா அப்பா அவரு வீட்டுலதான் படுத்துக்கும். தீபாவளிக்குப் பலகாரம் குடுக்க நானும் ஒரு தடவ போயிருக்கேன். ஆனா அவரு ரொம்ப நல்லவரு மேடம். வாயே தொறக்க மாட்டாரு. கன்னடக்காரரு."

"நல்லவங்க வீட்டதான் மொதல்ல பாக்கணும்"னு மேடம் குடைய எடுத்தாங்க. "சின்னப்பா, வண்டிய எடு."

ஆட்டோ சந்த விட்டு வெளிய வரும்போது தண்ணி லாரி நின்னுட்டிருந்துச்சு. பொம்பளைங்க கியூ. வெயில்ல கண்ணு கூசுது. வரிசையில வெச்சிருந்த கொடமெல்லாம் புத்தம்புது எவர்சில்வர். எல்லாம் ஒரே சைஸு, ஒரே வளையம், ஒரே மினுமினுப்பு. மாமியாரு கொடமா மருமக கொடமான்னு அடையாளம் தெரியாம, ஒருத்தி தன்னோட கொடத்துக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தா.

"தண்ணிக்குத்தான் பஞ்சம் குரு, கொடத்துக்கு இல்ல"ன்னான் சின்னப்பா. ஆம்பளையோ பொம்பளையோ, அவனுக்கு எல்லாரும் 'குரு'தான்.

கேத்தரின் மேடம் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தாங்க.

மடிவாளா தாண்டி சில்க் போர்டு சிக்னல். லாரிப் புகையில முன்னாடி நிக்கற பஸ்ஸே தெரியல. "இங்க மாட்டினா எலெக்‌ஷனும் முடிஞ்சிடும், அடுத்த எலெக்‌ஷனும் வந்துடும்"னு சின்னப்பா இஞ்சின அணைச்சான். அந்த அமைதியில மேடம் கேட்டாங்க.

"மகா, உங்கம்மா வந்துட்டா நீ எப்படிச் சொல்லுவ?"

"அம்மா வந்துச்சும்பேன்."

"ம். அம்மா இருக்கு, அம்மா போச்சு, அம்மா வரும். நம்ம வீட்டுல அப்படித்தான் பேசுவோம், அது நமக்குப் பாசம். கன்னடக்காரன் அப்படிப் பேசுவானா? ஒரு பொம்பள இருக்கான்னா என்ன சொல்லுவான்?"

மகா ஸ்கூல்ல கன்னடம் படிச்சவ. "இத்தாளெ. மரியாதையா இத்தாரெ."

"வருவான்னா?"

"பர்த்தாளெ."

"ஃபோன்ல அவன் சொன்னது?"

"இதெ... பருத்தெ." சொல்லும்போதே மகாவுக்குப் பொறி தட்டுச்சு. 'இதெ'ன்னா ஆளுக்குச் சொல்ல மாட்டாங்க. பெஞ்சு இதெ, புக்கு இதெ. பொருளுக்குச் சொல்றது. தமிழ்க் காதோட கேட்டா, அதான் அம்மாவாக் கேட்டுச்சு.

"அவன் உங்கம்மாவப் பத்திப் பேசவே இல்ல, கண்ணு. சேஃபா இருக்கறது ஒரு பொருளு. சின்னப்பா, கன்னடத்துல 'சின்ன'ன்னா என்ன?"

அவன் திரும்பக் கூட இல்ல. அன்னிக்கு மொதத் தடவையா ஜோக்கு கலக்காம ஒரே வார்த்த சொன்னான்.

"தங்கம்."

சிக்னல் விழுந்துச்சு. பின்னாடி இருந்தவனெல்லாம் ஹாரன் அடிச்சான். மகாவுக்கு அது எதுவும் கேக்கல. எலெக்‌ஷன் முடிஞ்சா தங்கம் வீட்டுக்கு வரும். யார் வீட்டுக்கு? ஆதியண்ணன் வீட்டுக்கு. அப்போ அப்பா தலையில கைய வெச்சு உக்காந்திருந்தது பயத்துல இல்ல.

"எங்கப்பாவா?"ன்னா. "எங்கம்மாவ வித்துட்டாரா மேடம்? கோவிந்தப்பா கிட்டயா?"

மேடம் அவ கையப் புடிச்சிக்கிட்டாங்க. பொம்மனஹள்ளி, சிங்கசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, ஒவ்வொண்ணாப் போச்சு. மகா வழி பூரா அப்பாவத் திட்டிக்கிட்டே வந்தா, மனசுக்குள்ள, இதுவரைக்கும் வாயில வராத வார்த்தையெல்லாம் போட்டு. அந்தாள் வாங்கிக் குடுத்த பன்ன நேத்து தின்னமேன்னு நெனச்சா.

ஹெப்பகோடியில ரவி வீடு ஒரு லைன் வீடு, மேல ஷீட்டு. சின்னப்பா கதவ ஒடைக்கத் தயாரா முழங்கையக் கூட மடக்கினான். ஒடைக்க வேண்டிய அவசியமே இல்ல. கதவு தொறந்துதான் கெடந்துச்சு.

உள்ள, தரையில பேப்பர விரிச்சு, ரவியோட சம்சாரத்தோட பூப்போட்ட நைட்டியப் போட்டுக்கிட்டு, வார்டு பூரா போஸ்டர்ல கைகூப்பற சின்னத்தாயி அவரெக்காய் உரிச்சிட்டு உக்காந்திருந்துச்சு. கட்டி வெக்கல. பூட்டி வெக்கல. பக்கத்துல டம்ளர்ல டீ வேற.

"அம்மா!"

சின்னத்தாயி நிமிந்து பாத்துச்சு. ஓடி வந்து கட்டிக்கும்னு மகா நெனச்சா. அது உரிச்ச காய ஒதுக்கி வெச்சிட்டு, "யாரு சொன்னது இங்கன்னு?"ன்னு கேட்டுச்சு.

"அப்பாதானே உன்ன இங்க கொண்டாந்து விட்டது? ஓட்டு முடியற வரைக்கும் வெளிய வராதன்னு மிரட்டினாரா? வா போலாம். இவங்க டிடெக்டிவ். வாம்மா!"

"உங்கப்பாவ ஏண்டி இழுக்கற? அந்த மனுஷன் வேணாம் வேணாம்னு அழுதாரு." சின்னத்தாயி குரல் ரொம்ப சாதாரணமா இருந்துச்சு. அதான் மகாவுக்கு பயமா இருந்துச்சு. "கோவிந்தப்பா கிட்ட நானேதான் பேசினேன். இந்த மூணு நாளு தொம்மலூர்ல என் மூஞ்சி தெரியக் கூடாது. அவ்ளோதான் பேச்சு. இவ ஒதுங்கிட்டான்னு ஊர் நெனச்சுக்கும், ஓட்டு தன்னால அந்தப் பக்கம் போயிடும்."

மகா மேடம் மூஞ்சியப் பாத்தா. அதுல ஆச்சரியமே இல்ல.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அரிசி ஊறப் போடலன்னு நீ சொன்னப்பவே"ன்னாங்க மேடம் மெதுவா. "கடத்தப்படறவங்களுக்கு, நாளைக்கு வீட்டுல இருக்க மாட்டோம்னு இன்னிக்கே தெரியாது கண்ணு. ஏன் போச்சுன்னுதான் எனக்குத் தெரியல. அத நீயே கேளு."

மகா கேக்கறதுக்குள்ள சின்னத்தாயியே பேசுச்சு. மேடத்தப் பாத்துப் பேசுச்சு, பொண்ணப் பாத்து இல்ல.

"கொடத்தப் பாத்தீங்களா மேடம், வரும்போது?"

"பாத்தேன்."

"புதன்கிழமை ஓட்டு கேட்டு வீடு வீடாப் போனேன். ஒவ்வொரு அடுப்படியிலயும் அதே கொடம். ஷோபா வீட்டுல, ராஜலக்ஷ்மி வீட்டுல, என் பின்னாடி கோஷம் போட்டுட்டு வந்தவளுங்க வீட்டுல. தண்ணி கேட்டு நான் நிக்கறேன். தண்ணி இல்லாத தெருவுக்கு அவன் கொடம் குடுக்கறான். வாங்கி, பொட்டு வெச்சு, அடுப்படியில வெச்சிருக்காளுங்க. ஒருத்தி எனக்கே அதுல மோந்து குடுத்தா. 'உனக்குத்தாங்க்கா எங்க ஓட்டு'ங்கறா. அந்தத் தண்ணி தொண்டையில எறங்கல மேடம். இவளுங்களுக்காகவா கால் தேய நடந்தேன்?" ஒரு அவரெக்காய எடுத்துச்சு. "அவளுங்க கொடத்துக்கு ஓட்ட வித்தாளுங்க. நான் வித்தா தங்கத்துக்கு விப்பேன். நான் ஒருத்தி மட்டும் நல்லவளா இருந்து என்ன கிழிக்கப் போறேன்?"

வாசப்படியில நின்ன சின்னப்பா செருப்பக் குனிஞ்சு பாத்துட்டிருந்தான்.

"நான் போய்ச் சொல்லுவேன்"னா மகா. "தெருவுல நின்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். நீ இப்படிப் பண்ணிட்டன்னு சொல்லுவேன்."

சின்னத்தாயி எழுந்து உள்ள போச்சு. திரும்பி வந்தப்ப கையில ரெட்டை வடச் சங்கிலி. மகா பின்னாடி நகந்தா. சுவரு இடிச்சுது. அம்மா அவ கழுத்துல அதப் போட்டு, கொக்கிய மாட்டி, சின்ன வயசுல ஸ்கூலுக்கு அனுப்பறப்ப சட்டைக் காலர சரி பண்ணுமே, அதே மாதிரி துப்பட்டாவ இழுத்து மூடுச்சு.

"உனக்குத்தான் வாங்கினேன். சொல்றதுன்னா, இதக் கழுத்துல போட்டுக்கிட்டே போய்ச் சொல்லு."

அம்மாவ அங்கயே விட்டுட்டு ஆட்டோ திரும்புச்சு. சங்கிலி மொதல்ல ஜில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் ஒடம்பு சூட்டுக்கு வந்துடுச்சு. அதான் மகாவுக்கு அருவருப்பா இருந்துச்சு, இவ்ளோ சீக்கிரம் பழகிடுச்சேன்னு. கழட்டி ரோட்டுல வீசலாம்னு ரெண்டு தடவ கை போச்சு. வீசல.

தொம்மலூர் திரும்பும்போது டமடமன்னு ஒரு சத்தம். தமுக்கு அடிக்கறாங்களோன்னு நெனச்சாங்க. "பிரச்சாரம் நேத்தோட முடிஞ்சதே"ன்னு சின்னப்பா வண்டிய ஸ்லோ பண்ணினான்.

அது தமுக்கு இல்ல. கோவிந்தப்பா வீட்டு கேட்டுக்கு முன்னாடி தெருவே நின்னுட்டிருந்துச்சு. புது எவர்சில்வர் கொடமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா குவிச்சிருந்தாங்க. இன்னும் ஆளுங்க வந்து வந்து வீசறாங்க. சிவப்பு ரிப்பன் கட்டின கொடம் உச்சியில கெடந்துச்சு, நசுங்கி. வீசாதவங்க அதையே கல்லால அடிச்சிட்டிருந்தாங்க. "சின்னாக்காவ விடு! சின்னாக்காவ விடு!" கேட்டுக்கு உள்ள மாடியில கோவிந்தப்பா நின்னு, யாருக்கோ செல்ஃபோன்ல கத்திட்டிருந்தான். கத்திக்கிட்டே தெருவுல ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தான்.

மகா சத்தியம் வாங்கிட்டுச் சொன்ன அந்த ஒரே வார்த்த, தெரு பூரா போய்ச் சேந்திருந்துச்சு.

"போச்சு குரு"ன்னான் சின்னப்பா, ரொம்பத் தாழ்வான குரல்ல. "நாளைக்கு உங்கம்மா ஜெயிச்சிடும்."

ஜெயிச்சா, தங்கம் குடுத்தவன் சும்மா விடுவானா? இப்பவே போய் நெசத்தச் சொன்னா, கொடத்தத் திருப்பி வீசின இந்தக் கை எல்லாம் யார் மேல கல்லத் தூக்கும்? மகா கேத்தரின் மேடம் பக்கம் திரும்பினா. ஏதாவது சொல்லுங்க மேடம்னு கண்ணாலயே கெஞ்சினா.

"அம்மாவக் கண்டுபிடிக்கச் சொன்ன, கண்டுபிடிச்சேன்"னாங்க மேடம். கண்ணாடியத் தொடச்சாங்க, அழுக்கு இல்லாத கண்ணாடிய. "எனக்குக் கேக்கத் தெரியும் கண்ணு. எதச் சொல்லணும்னு எனக்குத் தெரிஞ்சதே இல்ல."

அதுக்குள்ள ஷோபாக்கா ஆட்டோவப் பாத்துட்டா. தலமுடி கலஞ்சு, கத்திக் கத்தித் தொண்ட கட்டி, ஓடி வந்து மகாவ வெளிய இழுத்துக் கட்டிக்கிட்டா. அந்த அழுத்தத்துல சங்கிலி நெஞ்சுல பதிஞ்சுது.

"நாங்க வாங்கினது தப்புதான்டி. புத்தி கெட்டுப் போய் வாங்கிட்டோம். உங்கம்மாவத் தூக்கிட்டான்னதும் ஒருத்தி வீட்டுல கூட வெச்சுக்கல பாரு. நாளைக்கு ஒரு ஓட்டு சிதறாது." வெலகி நின்னு, ரெண்டு கையாலயும் மகா மூஞ்சியப் புடிச்சிக்கிட்டா. பின்னாடி எல்லாரும் அடிக்கறத நிறுத்திட்டுப் பாத்தாங்க. மாடியில செல்ஃபோனக் காதுலேந்து எடுத்துட்டு கோவிந்தப்பாவும் பாத்தான்.

"ஏதாவது தெரிஞ்சுச்சா கண்ணு? சின்னா எங்க இருக்கு?"

மகாவோட கை தன்னால துப்பட்டாவுக்கு மேல போய், அடியில இருந்த சங்கிலிய அழுத்திப் புடிச்சிக்கிச்சு.

"தெரியலக்கா"ன்னா.